வாங்கும் பிள்ளையும் அதே வகுப்பில்தான்

காந்தி பிறந்த நாளில் தொடங்கி அக்டோபர் 8 வரை நடக்கும் ‘தான் உத்சவ்’ என்னும் கொடை வாரம் 2009 முதல் இந்தியாவில் கொண்டாடப்படுகிறது. அலுவலகங்களும் குடியிருப்புகளும் பங்கேற்பதைப் போலப் பள்ளிகளும் பங்கேற்கின்றன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கைப்பிடி அரிசி கொண்டுவருகிறார்கள். துணி, பொம்மை, நோட்டு, பென்சில் சேர்க்கிறார்கள். முதியோர் இல்லத்துக்கு வாழ்த்து அட்டை வரைகிறார்கள். பள்ளிகளுக்கு இது புதிய வழக்கமும் அல்ல. டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளுக்குக் காசு கொடுத்து, சட்டையில் சிறு கொடி குத்திக்கொண்ட தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு. நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பள்ளி ‘கொடு’ என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், எப்படிச் சொல்வது அறம்?

சொல்லலாம் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. நற்குணம் பழக்கத்தால்தான் படிகிறது என்றார் அரிஸ்டாட்டில். வீடு கட்டிக் கட்டியே ஒருவர் கொத்தனார் ஆவதைப் போல, நேர்மையாக நடந்து நடந்தே ஒருவர் நேர்மையாளர் ஆகிறார் என்பது அவர் வாதம். கொடைக்கும் அது பொருந்தும். பெரியவனான பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அதற்குள் இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் வேரூன்றிவிடும். மேலும், பிள்ளைகளிடம் இல்லாத ஒன்றைப் பள்ளி வெளியிலிருந்து புகுத்துவதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தைகள்கூட, அறிமுகமில்லாத ஒருவர் கைதவறவிட்ட பொருளை யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுப்பதை வார்னெக்கன், டொமாசெல்லோ என்னும் இரு ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள்.

அதே இருவர் 2008இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வைப் பள்ளிகள் கவனிக்க வேண்டும். உதவியதற்குப் பரிசுப் பொருள் பெற்ற குழந்தைகள், பிறகு பரிசு இல்லாதபோது முன்னைவிடக் குறைவாகவே உதவினார்கள். பாராட்டுச் சொல் மட்டும் கேட்டவர்களும், எதுவும் பெறாதவர்களும் அப்படிக் குறையவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் நடந்து 1973இல் வெளியான ஆய்விலும் இதையொத்த முடிவே கிடைத்தது. படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு, அதுவரை விரும்பிச் செய்த அந்த வேலையிலேயே நாட்டம் குறைந்தது. அப்படியானால் அதிகம் கொண்டுவந்தவருக்கு நட்சத்திரம், முதலிடம் பிடித்த வகுப்புக்குக் கேடயம், காலைக் கூட்டத்தில் பெயர் வாசித்துக் கைதட்டல் என்றெல்லாம் நடத்தும் பள்ளி எதைக் கற்பிக்கிறது? கொடுத்தால் கிடைக்கும் என்பதைக் கற்பிக்கிறது. அது வணிகம்.

பிள்ளை கொண்டுவரும் பணம் யாருடையது என்பதும் சிக்கலான கேள்விதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு வருமானம் இல்லை. ‘ஆளுக்கு இருபது ரூபாய்’ என்று பள்ளி சொன்னால் அது பெற்றோர் மேல் விழும் வரி. வசதியான வீட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை. நாள்கூலி வீட்டில் அந்த இருபது ரூபாய்க்கு ஏற்கெனவே வேறு வேலை காத்திருக்கும். மறுநாள் “மறந்துட்டேன், டீச்சர்” என்று பொய் சொல்லும் பிள்ளை உண்மையில் தாயைக் காப்பாற்றுகிறது. அறம் கற்பிக்க வந்த வகுப்பு அந்தப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட ஆழமான சிக்கல், கொடைக்கு உரியவர்களென்று பள்ளி சுட்டும் ‘ஏழைகள்’ பல வேளைகளில் அந்த வகுப்பிலேயே இருப்பதுதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். ‘நம்மைவிடக் கீழே இருப்பவர்களுக்கு உதவுவோம்’ என்று ஆசிரியர் அன்போடுதான் சொல்கிறார். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ‘அவர்கள்’ யார் என்று தெரியும். அதன் அண்ணன், பக்கத்து வீட்டார், அல்லது அதுவே. அரசுப் பள்ளியில் இந்தப் பிரிப்பு இன்னும் பொருளற்றது. அங்கே இன்று கொடுத்த வீட்டுக்கே நாளை உதவி தேவைப்படலாம்.

வாங்குபவரின் இந்தச் சங்கடத்தைப் பழைய அறநூலார் அறிந்திருந்தார்கள். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள், இரத்தலின் துன்பத்தை அஞ்சுவதற்கும் ‘இரவச்சம்’ என்று தனி அதிகாரம் வகுத்தது. ஈகைக்கு முன்னால் ஒப்புரவறிதலை வைத்தது. ஊரோடு சேர்ந்து வாழும் கடமையை அறிந்தவருக்கே ஈகை என்று அந்த வரிசையைப் படிக்கலாம். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாத கொடையை உயர்ந்த படிகளில் வைத்தார். ஒருவரை மீண்டும் கேட்கத் தேவையில்லாத நிலைக்கு உயர்த்துவதையே உச்சியில் வைத்தார். குறளுக்கும் மைமோனிடிஸுக்கும் வாங்குபவரின் முகம்தான் கொடையின் அளவுகோல்.

அப்படியென்றால் கொடை வாரமே வேண்டாம், இல்லாமையைப் போக்குவது அரசின் வேலை என்று சொல்லிவிடலாமா? மதிய உணவின் வரலாறு அதற்கு நல்ல விடை. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு ஊர் ஊராகப் பரவியபோது, ஊரார் தந்த அரிசியும் காய்கறியும் பணமும் அதைத் தாங்கின. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2001இல் உச்ச நீதிமன்றம், நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சமைத்த உணவு தர ஆணையிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது. ஊரார் கொடுத்திராவிட்டால் வழி திறந்திருக்காது. கொடையாகவே நின்றிருந்தால், இன்றும் பிள்ளைகள் நன்றி சொல்லியே சாப்பிட வேண்டியிருக்கும். நல்ல கொடை காலப்போக்கில் உரிமையாக மாறித் தன் தேவையைத் தானே தீர்த்துவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இது.

அந்தப் பாடத்தை ஒரு வாரத்தில் நடத்த முடியும், படிப்பு முதலில் வந்தால். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளை மதிய உணவுக்கான தானிய அளவு 100 கிராம். நம் வகுப்புக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு. அந்த அரிசி எங்கிருந்து வருகிறது, யார் சமைக்கிறார்கள் என்பது சூழ்நிலையியல். ஒழுகும் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஊராட்சித் தலைவருக்கு எழுதும் கடிதம் தமிழ்ப் பாடம். கேட்டுப் பெற வேண்டியதைக் கேட்பதும் சமூகத்துக்குச் செய்யும் தொண்டு என்று அந்தக் கடிதம் சொல்லித் தரும்.

பிறகு கொடுக்கட்டும், தம்மிடம் இருப்பதை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டலாம். மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம். கிழிந்த நூலக நூலை ஒட்டலாம். இவற்றில் பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற பிரிவு எழாது. பொருள் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் மூடிய பெட்டி ஒன்று போதும். பெயரும் தொகையும் எழுத வேண்டாம். யாரும் போடலாம், தேவைப்பட்டவர் எடுக்கலாம். வீட்டில் குப்பைக்குப் போக வேண்டியதை அதில் போடக் கூடாது. வாங்குபவரை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது.

இவ்வளவு மறைத்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மகிழ்ச்சியே போய்விடாதா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கவலைதான். அந்த மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு உரியது, அதைப் பறிக்கக் கூடாது. ‘நம் வகுப்பு இவ்வளவு செய்தது’ என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால் அது கிடைத்துவிடும். ‘இவன் இவ்வளவு கொடுத்தான்’ என்று சொல்லும்போதுதான் அது இன்னொரு பிள்ளையின் வெட்கத்தில் விளைந்ததாகிறது.

வாரம் முடியும்போது யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையைச் சுட்டிச் சொல்ல முடியாமல் இருக்க வேண்டும். அப்படி நடத்த முடிந்த பள்ளி ஆண்டுதோறும் நடத்தட்டும். முடியாத பள்ளி நடத்தாமல் விடுவதே அறம்.