தீட்டு ரத்தமும் சேமிப்பு ரத்தமும்

எங்க அம்மாயி பேறுகாலம் பாக்குறவ. ஊருக்குள்ள யாருக்கு இடுப்புவலி கண்டாலும் நடுராத்திரியில் சேரிக்கு ஆள் வரும். தொப்புள்கொடி அறுத்து, நஞ்சுக்கொடியைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, ரத்தச் சேலையோடு கொல்லைப்புறமாகத்தான் திரும்பணும். தன் கையில் விழுந்த பிள்ளையை மறுநாள் அவள் தொடக்கூடாது. கேட்டால், 'அது தீட்டு ரத்தம்டா' என்பாள். ஊர் சொல்லிக் கொடுத்த வார்த்தை.

என் மகள் பிரசவத்துக்குப் போன தனியார் மருத்துவமனையில் அதே ரத்தத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் சொன்னார்கள். மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைப்பார்களாம். பிள்ளைக்கு ஆயுசுக்கும் காப்பாம். தீட்டு எப்போது சொத்தாச்சு?

1988இல் பாரிஸில், எலியான் க்ளூக்மான் தலைமையிலான மருத்துவர்கள் ஃபான்கோனி ரத்தசோகை கண்ட ஒரு சிறுவனுக்குக் கொடிரத்தம் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். அது அவனுடைய ரத்தமல்ல, தங்கையினுடையது. தலசீமியா போன்ற பரம்பரை நோய்க்குத் தன் ரத்தம் தனக்கு உதவாது. அதே கோளாறு அதிலும் இருக்கும். வீட்டில் நோயுள்ள பிள்ளை இருந்தால் இன்னொரு பிள்ளையின் கொடிரத்தம் சேமிப்பதில் அர்த்தமுண்டு. மற்றபடி தனக்கென்று சேமிப்பதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லையென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது.

அப்போ பொது வங்கிக்குக் கொடுப்பதா? அங்கேயும் கேள்வி உண்டு. பிள்ளை பிறந்து ஒரு நிமிடமாவது கழித்துத்தான் கொடியைக் கட்டணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குள் பிள்ளைக்குள் இறங்கும் ரத்தம் பல மாதங்களுக்கு இரும்புச்சத்து. காத்திருந்தால் வங்கிக்குச் சேரும் அளவு குறையும். குறையட்டுமே. சோகை பிடித்த சேரிப்பிள்ளைக்குத் தாய் கொடுக்கும் முதல் கூலி அது. அதைப் பிடுங்கித் தர்மம் பண்ணச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மிச்சத்தைக் கொடுக்கலாம். கொடுக்கணும் என்றே சொல்வேன். அகமணச் சமூகத்தில் பொருந்தும் ரத்தம் பெரும்பாலும் சொந்த ஜனத்துக்குள்தான் கிடைக்கும். சேரியும் மலைக்கிராமமும் இல்லாத வங்கியில் நமக்குப் பொருத்தம் தேடி என்ன பண்றது? ஆனால் சிகிச்சை இலவசமாகாதவரை, நாம் கொடுக்கிறவர்களாக மட்டுமே இருப்போம். அம்மாயியும் கொடுத்தாள், கொல்லையில் படிநெல் வாங்கினாள்.

என் மகளுக்குக் கொடித்துடிப்பு நிற்கும்வரை காத்திருந்தார்கள். பொது வங்கிக்கு அங்கே வழியில்லை. மிச்சம் வாளிக்குப் போனது. வாளியை எடுத்த அக்கா எங்க ஜனம். ஒரு கைக்குத்தான் உறை இருந்தது. சொத்தானபோது ரத்தம் ஆய்வுக்கூடம் போகிறது. தீட்டானபோது இன்னும் அவள் கைக்கே வருகிறது. இதை வைத்துத்தான் நாம் பேசத் தொடங்கணும்.