நடக்காத சண்டை

1970 ஜனவரி 20-ம் தேதி இரவு அமெரிக்காவில் ஏராளமான தியேட்டர்களில் ஒரு குத்துச்சண்டையைத் திரையில் காட்டினார்கள். ஒரு மூலையில் முகமது அலி, எதிர் மூலையில் ராக்கி மார்சியானோ. பதிமூன்றாவது ரவுண்டில் மார்சியானோ விட்ட குத்தில் அலி விழுந்தார், பத்து எண்ணி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

இதில் சில சின்னச் சிக்கல்கள். மார்சியானோ 1956-லேயே ரிட்டயர் ஆனவர். அலி தொழில்முறைச் சண்டைக்கு வந்ததே 1960-ல்தான். போதாக்குறைக்கு, படம் திரைக்கு வருவதற்கு ஐந்து மாதம் முன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று, மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோயிருந்தார். ஜெயித்தவர் உயிரோடு இல்லை. ஜெயித்தார் என்று தீர்ப்புச் சொன்னது ஒரு கம்ப்யூட்டர்.

எல்லாம் மயாமியைச் சேர்ந்த முர்ரே வொரோனர் என்ற ரேடியோ தயாரிப்பாளரின் வேலை. எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் ஜாதகத்தையும் என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டருக்குத் தீனி போட்டு, அது துப்பிய முடிவுகளை 1967-ல் நேர்முக வர்ணனை மாதிரி ஒலிபரப்பினார். அதில் அலி காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றார். ஜெஃப்ரிஸ் 1899-ல் பட்டம் வென்றவர். அலிக்கு வந்ததே கோபம்! பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். நடக்காத சண்டையில் தோற்றதற்கு மானநஷ்டம். இதற்கு ஒரு நீதிபதி என்ன தீர்ப்பு எழுதுவார் என்று படிக்க எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் சமரசம் ஆகிவிட்டது. சுமார் பத்தாயிரம் டாலரும் லாபத்தில் பங்கும் தருகிறோம், மார்சியானோவோடு சண்டை போடுகிற மாதிரி நடித்துக் கொடுங்கள் என்றார்கள்.

அலி சம்மதித்தார். பணம் தேவைப்பட்டது. வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேரமாட்டேன் என்று 1967 ஏப்ரலில் மறுத்ததால் பட்டத்தையும் லைசென்ஸையும் பிடுங்கிவிட்டிருந்தார்கள். நிஜமாகச் சண்டை போட எந்த ஊரிலும் அனுமதி இல்லை. பொய்யாகப் போட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நாற்பத்தைந்து வயது மார்சியானோ சுமார் இருபது கிலோ இளைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்தார். பார்வையாளர் இல்லாத அரங்கில் இருவரும் ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபது ரவுண்டுக்குமேல் ஒருவரை ஒருவர் பட்டும் படாமல் குத்திக்கொண்டார்கள். கிளைமாக்ஸை மட்டும் பல விதமாக எடுத்து வைத்தார்கள். அமெரிக்காவில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். அட்லாண்டிக்கைத் தாண்டியதும் கம்ப்யூட்டருக்கு மனசு மாறிவிட்டது போலும்.

சரி, கம்ப்யூட்டரை விடுங்கள். கேள்விக்கு உண்மையிலேயே ஒரு விடை இருக்கிறதா? மார்சியானோ 49 சண்டை போட்டு 49-லும் ஜெயித்தவர், அதில் 43 நாக்-அவுட். அலி ஆறடி மூன்று அங்குலம், இவரைவிட ஐந்து அங்குலம் உயரம். உயரம், வேகம், நெஞ்சழுத்தம் என்று இரண்டு பேர் ராத்திரி முழுக்க வாதாடலாம். மூன்றாவது ஆள் 'ரெண்டுமே நடக்காத விஷயம், போய்த் தூங்குங்கப்பா' என்பார். அவர் சொல்வது சரியா என்பதுதான் எனக்குக் கேள்வி.

டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இந்த 'இருந்திருந்தால்' வாக்கியங்களுக்காகவே 1973-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் வழி ஏறத்தாழ இதுதான்: அந்த ஒரு விஷயம் மட்டும் மாறி, மற்றபடி முடிந்தவரை நம் உலகத்தைப் போலவே இருக்கும் இன்னொரு உலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். 'நேற்று குடை எடுத்துப் போயிருந்தால் நனைந்திருக்க மாட்டேன்' என்பதற்கு இது ஜோராக வேலை செய்கிறது. குடை ஒன்றுதான் மாறுகிறது. மழை, தெரு, நான் எல்லாம் அப்படியே.

மார்சியானோ விஷயத்தில் எதை அப்படியே வைப்பது? 85 கிலோவோடு அவரை அப்படியே தூக்கி இன்றைய ரிங்கில் இறக்கினால் ஹெவிவெயிட்டிலேயே சேர்க்க மாட்டார்கள், அதற்குக் கீழ்ப் பிரிவுதான். சரி, இன்றைய சாப்பாடு, இன்றைய பயிற்சி கொடுத்து வளர்ப்போம் என்றால், பிராக்டன் ஊரில் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, அப்பா மாதிரி அங்கே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று குத்தக் கற்றுக்கொண்ட அந்த ஆள் எங்கே போனார்? காலத்தைக் கழற்றிவிட்டால் மனிதனில் பாதியும் கூடவே கழன்றுவிடுகிறது. அலியும் அப்படித்தான்.

காலம் தாண்டிய சண்டை நிஜத்திலும் நடந்திருக்கிறது. 1951-ல் மார்சியானோ, தன் சின்ன வயது ஹீரோ ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். லூயிஸுக்கு 37 வயது, வரி பாக்கிக்காக ரிங்குக்குத் திரும்பியவர். சண்டை முடிந்ததும் அழுதது ஜெயித்தவர்தான். 1980-ல் முப்பத்தெட்டு வயது அலியை அவருடைய பழைய பயிற்சித் துணை லாரி ஹோம்ஸ் பத்து ரவுண்டு அடித்தார், அப்புறம் அவரும் அழுதார். (அதே 1980-ல்தான் அலி சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து காட்சிப் போட்டி ஆடினார், நேரில் பார்த்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு.) நிஜம் ஏற்பாடு செய்யும் சந்திப்பில் ஒருத்தர் எப்போதும் கிழவர். இருவரும் உச்சத்தில் இருக்கும்போது மோதவிடுவது கற்பனைக்கு மட்டும்தான் முடியும். அந்த மரியாதைக்காகவாவது ராத்திரி வாதத்தை நான் மன்னித்துவிடுவேன்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு வகை 'இருந்திருந்தால்'. ஜாக் டெம்ப்ஸி 1919 முதல் 1926 வரை சாம்பியன். அதே நாட்டில், அதே வருடங்களில், அவரோடு மோத முழுத் தகுதியோடு காத்திருந்தவர் ஹாரி வில்ஸ். கறுப்பர். ஒப்பந்தம்கூடப் போட்டார்கள், சண்டை நடக்கவே இல்லை. 1915-ல் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்ததிலிருந்து 1937-ல் ஜோ லூயிஸ் வரும்வரை, 22 வருடம், ஹெவிவெயிட் பட்டத்துக்கு எந்தக் கறுப்பரையும் மோத விடவில்லை. வில்ஸ்-டெம்ப்ஸி மோதக் காலம் குறுக்கே நிற்கவில்லை, ஆட்கள்தான் நின்றார்கள். 'வில்ஸ் ஜெயித்திருப்பாரா?' என்ற கேள்வி பொழுதுபோக்கு இல்லை. அவரிடமிருந்து பறித்தது எவ்வளவு என்ற கணக்கு.

அப்படிக் கணக்குப் போட முடியாது என்கிறவர்கள் நம் ஊர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்புகளைப் படிக்கலாம். இருபத்தெட்டு வயதில் லாரி மோதி இறந்தவனுடைய வருட வருமானத்தில் அவன் சொந்தச் செலவைக் கழித்துவிட்டு 17-ஆல் பெருக்கு என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் அட்டவணையே கொடுத்திருக்கிறது. நாற்பதுக்குள், நிரந்தர வேலையில் இருந்தவன் என்றால் சம்பளத்தோடு இன்னும் ஐம்பது சதவீதம் சேர்த்துக்கொள்ளச் சொன்னது 2017 தீர்ப்பு. வராத பிரமோஷனுக்கு, வாங்காத இன்கிரிமென்ட்டுக்கு! ஊகம்தான். ஆனால் ஊகிக்க மாட்டேன் என்று நீதிபதி கையை விரித்தால் லாபம் லாரிக்காரனுக்குத்தானே?

இந்தக் கண்ணோடு அந்த 1970 படத்தைப் பார்த்தால் அதில் மார்சியானோவைவிடப் பெரிய கற்பனை அலிதான். 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியை வீழ்த்தியவர், அடுத்த சண்டை போட்டது 1970 அக்டோபரில். இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு வயது வரை, 43 மாதம். ஒரு ஹெவிவெயிட்டின் கால்கள் இதைவிட நன்றாக இருக்கப்போவதில்லை. அந்த அலியை யாரும் பார்த்ததில்லை. ஜெஃப்ரிஸோடும் மார்சியானோவோடும் மோதவிட வேண்டுமென்றால் அவரைத்தான் மோதவிட வேண்டும், அவரைப் பற்றிய விவரம் எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. அந்த மாதங்களில் அவர் கையுறை மாட்டி நின்றதற்குப் படச்சுருள் சாட்சி என்று தேடினால் கிடைப்பது, விக் வைத்த ஒரு ரிட்டயர்டு சாம்பியனிடம் அவர் பொய்யாகத் தோற்கும் காட்சி.

1971 ஜூன் 28-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் ஒருமனதாக அலியின் தண்டனையை ரத்து செய்தார்கள். அப்போது அவருக்கு 29 வயது. அதற்கு முன்பே, அந்த மார்ச் மாதம், கடைசி ரவுண்டில் ஜோ ஃப்ரேஸியரின் இடது ஹூக் தாடையில் விழ, மல்லாந்து விழுந்து எழுந்து, பாயிண்ட்டில் தோற்றிருந்தார்.