படர்க்கையில் ஒரு வீரன்

மனிதனுக்கு விலை வைப்பது தவறா? ஐபிஎல் ஏலம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். மாட்டுச் சந்தை மாதிரி இருக்கு என்று யாராவது எழுதுவார்கள். எனக்கு ஏலம் அவ்வளவாக உறுத்துவதில்லை. அங்கே பெயரைக் கொடுப்பதும், அடிப்படை விலையைக் குறிப்பதும் வீரனேதான். உறுத்துவது ஏலத்துக்கு வெளியே மாதக்கணக்கில் ஓடும் பேச்சு.

2025-இல் சஞ்சு சாம்சன் ராஜஸ்தானை விட்டுச் சென்னைக்கு வருகிறார் என்ற செய்தி ஆகஸ்டிலேயே கசிந்துவிட்டது. பதிலுக்கு யாரைக் கொடுப்பது என்று கோரிப்பாளையம் டீக்கடையில் தினம் ஒரு பட்டியல் போட்டார்கள். "துபேய குடுத்துருவாங்கப்பா", "அட, ருதுராஜாம்ல." நவம்பரில் வந்த முடிவு: சாம்சன் இங்கே, ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரணும் அங்கே. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்த ஜடேஜா, சில நாளில் 'அந்த டீல்ல போற ஆளு' ஆகிவிட்டார்.

இதே ஜடேஜா 2010 சீசன் முழுக்க ஆடவில்லை. அப்போது ராஜஸ்தானில் இருந்தவர், தனக்கான ஒப்பந்தத்தை வேறு அணியோடு தானே பேசப் பார்த்தார் என்பதற்காகத் தடை. அணிகள் அவரைப் பற்றிப் பேசினால் வியாபாரம். அவர் தன்னைப் பற்றிப் பேசினால் குற்றம்.

வீரனின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் ஐபிஎல்லில் மாற்ற முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான். சாம்சனே போக விரும்பினார் என்றும் செய்திகள் வந்தன. ஆனால் சம்மதம் கேட்கப்படும் நேரத்தைப் பாருங்கள். 'உன்னைக் கொடுக்கத் தயார்' என்று அணி பேசி, ஊரும் பேசி முடித்த பிறகு காகிதம் வருகிறது. வேண்டாம் என்று சொன்னால், தன்னை வேண்டாம் என்ற வீட்டிலேயே அடுத்த சீசனும் இருக்க வேண்டும்.

ஐஸ் ஹாக்கியில் ஒரே சீசனில் 92 கோல் அடித்த வேய்ன் கிரெட்ஸ்கியை, 1988 ஆகஸ்ட் 9 அன்று எட்மண்டன் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்தது. அவருக்கு வயது 27. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதார். கனடா நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், அரசு தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்றே கேட்டார். அடுத்த அணியில் நல்ல சம்பளம் காத்திருப்பவனுக்கு ஏன் அழுகை வருகிறது?

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், எங்கள் டீமை வேறொரு ப்ராஜெக்டுக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு மூன்று மாதம் ஓடியது. எங்களை 'ரிசோர்ஸ்' என்பார்கள், அது பழகிவிட்டது. பழகாதது வேறு. என் அடுத்த வருஷத்தைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் ஏதோ தெரிந்திருந்தது. வாடகை வீட்டைத் தொடர்கிறேனா என்று வீட்டுக்காரருக்கு ஒரு பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை. அந்த மூன்று மாதத்தை யாரும் திருப்பித் தரவும் இல்லை.

விலை உள்ள பொருளுக்கு மாற்று உண்டு, மனிதனின் கண்ணியத்துக்கு மாற்று கிடையாது என்பது 1785-இல் காண்ட் சொன்னதன் சாரம். எனக்கு அதில் பாதிதான் போதுமானதாகத் தெரிகிறது. உழைப்புக்கு விலை உண்டு. அதை வாங்கித்தான் நாம் எல்லோரும் சாப்பிடுகிறோம். அவமானம் விலையில் இல்லை. தன் வாழ்க்கையைப் பற்றிய பேச்சில் தானே படர்க்கையாகிவிடுவதில் இருக்கிறது. வதந்தியில் 'நான்' கிடையாது, 'நீ' கிடையாது; 'அவன்' மட்டும்தான்.

பேசாமல் இருக்க நம்மால் முடியாது. டீக்கடையும் அதற்குத்தானே இருக்கிறது. அவன் ஆட்டத்தைப் பேசலாம், தோற்றால் திட்டலாம். அது அவன் மைதானத்தில் நம் முன்னால் வைத்தது. ஆனால் அவன் எந்த ஊரில் இருக்கப் போகிறான் என்ற செய்தியில் முதல் வாக்கியம் அவனுடையதாக இருக்கட்டும். அதுவரை காத்திருப்பதால் நமக்கு என்ன குறைந்துவிடும், ஒரு டீ நேரத்துப் பேச்சைத் தவிர?