மீந்த துணி யாருக்குச் சொந்தம்?



மதுரையில் தையல் என்றால் புதுமண்டபம்தான். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல்தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்ததை நம்மில் அநேகர் பார்த்திருக்கிறோம். பிற்பாடு அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஆனால் மெஷினுக்குக் கீழே விழும் வெட்டுத்துண்டு மாறவில்லை. அது யாருக்குச் சொந்தம்?

"வேஸ்ட்தானே பாஸ்டர், ஏழைப் பிள்ளைக்கு ஒரு கவுன் தச்சுக் கொடுத்தா நல்லதுதானே?" என்று கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் அடுத்தவர் துணியில் நாம் தர்மம் பண்ணக்கூடாது. "மிச்சம் இருக்குக்கா, எடுத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டு வாங்கினால் அது ஈவு. கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

அந்தக் கவுனுக்கு இரண்டு நீளத் துண்டு போதும். கைக்கு வளைவு வெட்டி, பக்கங்களை மூட்டி, கழுத்தை மடித்து நாடா கோர்த்தால் முடிந்தது. பட்டன் வேண்டாம், ஜிப் வேண்டாம். பிள்ளை வளர்ந்தால் நாடாவைத் தளர்த்தலாம். கவுன் குட்டையானால் பாவாடைக்கு மேல் சட்டையாகப் போடலாம். ஒன்று மட்டும் முக்கியம். புதுக் காட்டன் துண்டுகளை முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே ஒரு துண்டு சுருங்கி, மற்றதை இழுத்துக்கொள்ளும்.

"ஓசிக்குத்தானே, இது போதும்" என்று நனைக்காமல் தைக்கிறோமே, அங்கேதான் பாவம் நுழைகிறது. துணி மிச்சமாக இருக்கலாம். நம் வேலை மிச்சமாக இருக்கக்கூடாது. உடுப்பைத் திருப்பி உள்தையலைப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு அதைப் போடுவீர்களா?

இன்னொரு கேள்வி. மீந்ததை மட்டும் கொடுத்தால் போதுமா? லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சிந்திய கதிரை மட்டும் விடச் சொல்லவில்லை. வயலின் ஓரத்தையே அறுக்காமல் விடச் சொல்கிறது. ஓரம் மிச்சம் அல்ல, அது நம் விளைச்சல். எளியவன் அதைப் பிச்சையாக அல்ல, தன் பங்காக எடுத்தான். காந்தியடிகளும் 1921 செப்டம்பர் 22-ல் இதே மதுரையில் சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். போதிய துணி வாங்க வழியில்லாத ஏழைகளை நினைத்து, தன் உடுப்பையே குறைத்தார்.

தொற்காள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் என்னத்தைக் காட்டினார்கள்? அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை. கிழிந்துபோகாத உடுப்பு என்பதால்தான் காட்ட முடிந்தது. நாம் கொடுத்ததை யாராவது அப்படி எடுத்துக் காட்டுவார்களா? யோசியுங்கள்.