பொய்யோடு போகமாட்டார்களா?

நீதித்துறை நடுவராக இருந்த காலத்தில், மரண வாக்குமூலம் எழுத எத்தனையோ இரவுகள் தீக்காய வார்டுக்குப் போயிருக்கிறேன். போலீஸ்காரரையும் சொந்தக்காரர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, பேர் என்ன, ஊர் எது என்று கேட்டு, நினைவு தெளிவா என்று பார்ப்போம். பிறகுதான் விஷயம். கை வெந்திருந்தால் கால் கட்டைவிரல் ரேகை.

சாகப்போகிறவர் பொய்யோடு இறைவன் முன் போய் நிற்கமாட்டார்: இந்தச் சாட்சியத்தின் வேர் இந்த நம்பிக்கைதான். 1872 சாட்சியச் சட்டத்தில் 32ஆம் பிரிவு; 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 26. சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஆனாலும் நம்பத்தக்கதாக இருந்தால் அதை மட்டுமே வைத்துத் தண்டிக்கலாம் என்று 1957இல் குஷால் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒருத்தி, இருபத்து நாலு வயதிருக்கும், "ஸ்டவ் வெடிச்சிருச்சுங்கய்யா" என்றாள். உச்சந்தலையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை. மறுபடி கேட்டேன். "அவரு உள்ள போயிட்டா புள்ளைங்கள யாருய்யா பாக்குறது?"

அந்தக் கேள்வியையும் அப்படியே எழுதினேன். கடமை. அவள் கட்டிய பொய்யை அவிழ்த்தேனோ என்று இன்றும் உறுத்துகிறது.

சட்டம் கற்பனை செய்யும் உயிர், தனியாகக் கடவுளிடம் போகிறது. இவள் போகவே இல்லை. பாதி வீட்டில் இருந்தாள். குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வாய்மையாகவே கொண்டார் வள்ளுவர். ஆனால் அந்த வீட்டுக்கு நாளை இன்னொருத்தி வாழ வருவாளே, அந்த நன்மையில் குற்றமில்லையா?

தாளில் அவள் ரேகை பாதிதான் விழுந்திருந்தது. மறுபடி அழுத்த எனக்கு மனம் வரவில்லை.