சிற்றன்னைக்குப் பட்ட கடன்

தானே நூற்று, தானே நெய்த புதுத் துணிகள் இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மகாபிரஜாபதி கௌதமி கபிலவஸ்துவின் நிக்ரோத வனத்துக்கு வருகிறார். புத்தருக்கென்றே நெய்தவை. அவரோ வாங்க மறுக்கிறார். துறவியர் கூட்டமான சங்கத்துக்குக் கொடுங்கள், அதில் நானும் சங்கமும் சேர்ந்தே மதிக்கப்படுவோம் என்கிறார். மூன்று முறை கேட்டும் அதே பதில். பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 142ஆம் சூத்திரம் இப்படித்தான் தொடங்குகிறது.

கேட்டவர் யாரோ அல்ல. மாயாதேவி பிள்ளை பெற்ற ஏழாம் நாள் இறந்துபோனபோது, குழந்தை சித்தார்த்தனைத் தன் பால் கொடுத்து வளர்த்த சிற்றன்னை. அதற்காகத் தன் மகன் நந்தனைச் செவிலியரிடம் விட்டார் என்கின்றன பழைய உரைகள். வளர்த்த பிள்ளை 29 வயதில் வீட்டைவிட்டுப் போனான். சில ஆண்டுகள் கழித்து, பிச்சைப் பாத்திரம் ஏந்திய புத்தராக ஊருக்கு வந்தான். உறவை அறுத்துக்கொண்டு போனவருக்கு வளர்த்த கடன் மிச்சம் உண்டா? பௌத்த நூல்கள் இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்வதில்லை. கௌதமி வரும் இடங்களிலெல்லாம் கேள்வி மறுபடி தலைதூக்குகிறது.

நிக்ரோத வனத்தில் அவருக்காகப் பரிந்து பேசியவர் புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர். இவர் உங்களுக்குப் பாலூட்டியவர் ஆயிற்றே என்றார். புத்தர் அதை மறுக்கவில்லை. ஆனால், அறவழியில் சேர்த்துவிட்டவருக்கு உடையும் உணவும் மருந்தும் கொடுத்துக் கடன் தீர்க்க முடியாது என்றார். யார் யாருக்குக் கடன் என்ற கணக்கே இங்கே திரும்பிவிடுகிறது. ஒரு தாயிடம் பேசும் பேச்சா இது என்று வாசிப்பவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். பிறகு புத்தர் தனி மனிதருக்குத் தரும் கொடை 14 வகை, சங்கத்துக்குத் தரும் கொடை 7 வகை என்று விரித்து, சங்கத்துக்குத் தருவதையே உயர்த்திச் சொல்கிறார். (அந்த ஏழில் பெண் துறவியரின் பிக்குணி சங்கமும் இடம்பெறுகிறது. கௌதமியோ அப்போது இல்லறத்தார். பிக்குணி சங்கம் அவரிலிருந்துதான் தொடங்கியது என்பது மரபு. இந்த முரண் ஆய்வாளர்களுக்கு நல்ல தீனி.) தன்னொருவரோடு அந்த அன்பு நின்றுவிடக் கூடாது என்பதே புத்தரின் கவலை என்று இதைப் படிக்க இடமிருக்கிறது.

அடுத்த மோதல் இன்னும் பெரிது. தானும் துறவு பூண வேண்டும் என்று கௌதமி கேட்க, புத்தர் மூன்று முறை மறுத்துவிட்டு வைசாலிக்குப் போய்விடுகிறார். கௌதமி விடவில்லை. முடியை மழித்து, காவி உடுத்தி, சாக்கியப் பெண்கள் பலரோடு நடந்தே போனார். கால்கள் வீங்கி, உடலெல்லாம் புழுதியாகி, வாசலில் நின்று அழுதவரைக் கண்டவர் மறுபடியும் ஆனந்தர்தான். பெண்களுக்கும் முக்தி கிட்டுமா என்று அவர் கேட்டார். கிட்டும் என்றார் புத்தர். அப்படியானால் பாலூட்டிய இவருக்கு ஏன் அனுமதி இல்லை? அனுமதி கிடைத்தது, எட்டுக் கடும் விதிகளோடு. துறவேற்று நூறாண்டு ஆன பிக்குணியும் அன்றைக்குத் துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது முதல் விதி. கௌதமி ஏற்றுக்கொண்டார். பின்னொரு நாள், வணக்கத்தை மூப்பு வரிசைப்படி வைக்கக் கூடாதா என்று ஆனந்தர் மூலம் கேட்டும் பார்த்தார். நடக்கவில்லை. தத்துவம் எதைச் சொல்லியும் இந்த மறுப்பை நியாயப்படுத்த முடியும் என்று தோன்றவில்லை.

துறவியர் விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தில் சிறிய சம்பவம் ஒன்று உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. பிக்குணிகள் தங்கும் இடத்துக்குப் போய் உபதேசிக்கக் கூடாது என்று பிக்குகளுக்குத் தடை வந்த சமயம். கௌதமி நோயில் படுத்திருந்தார். பார்க்க வந்த மூத்த பிக்குகள், விதி இருக்கிறது என்று உபதேசம் ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார்கள். பின்னர் புத்தரே வந்தார். முன்பெல்லாம் மூத்த பிக்குகள் வந்து அறம் சொல்வார்கள், மனம் தெளியும், இப்போது அதுவும் இல்லை என்று கௌதமி சொல்லக் கேட்டு, அங்கேயே உபதேசம் செய்தார். பிறகு விதி திருத்தப்பட்டது: பிக்குணி நோயுற்றிருந்தால் போகலாம். சலுகை கௌதமிக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. நோயுற்ற எல்லாப் பிக்குணிகளுக்கும் அது பொது. நெய்த துணியைச் சங்கத்தின் பக்கம் திருப்பிய அதே மனம், சிற்றன்னையின் நோவையும் பொதுவிதியாக்கியது.

கௌதமி இறந்தபோது என்ன நடந்தது என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஏகோத்தர ஆகமத்தில், பாடையின் ஒரு காலைப் புத்தரே தூக்குகிறார். மற்ற கால்களை நந்தரும் புத்தரின் மகன் ராகுலரும் ஆனந்தரும். தேவர்கள் உதவிக்கு வர, வேண்டாம் என்கிறார்: பெற்று வளர்த்தவர்களுக்குப் பட்ட நன்றிக்கடனைத் தானே செலுத்த வேண்டுமாம். துணியை வாங்க மறுத்தவர் இந்தச் சுமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் மூத்த பிக்குகள் கூடினார்கள். ஆனந்தர் மேல் அடுக்கப்பட்ட குற்றங்களில் ஒன்று, பெண்களுக்குத் துறவு வாங்கிக் கொடுக்க முயன்றது. அவர் பழைய காரணத்தையே சொன்னார்: தாயை இழந்த பிள்ளைக்குப் பாலூட்டியவர் கௌதமி. இதில் தவறு எதையும் காணவில்லை, ஆனால் உங்கள் மேலுள்ள நம்பிக்கையால் தவறென்று ஏற்கிறேன் என்றார்.