திடலுக்கு என்ன வாடகை?

மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கிளேபாங். தேங்காய் ஷேக் குடிக்க வார இறுதியில் வெளியூர்க் கார்கள் வரிசை பிடிக்கும் இடம். கடலைத் தூர்த்து உண்டாக்கிய பரந்த மணல்வெளியும் நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகமும் அங்கேதான். இந்த வட்டாரத்தில் ஓர் ஆலயமோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ நிதி திரட்ட ஒருநாள் சந்தை போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு, தோசை, பூச்செடி, பழைய புத்தகங்கள். வரும் பணம் பள்ளியின் கணினி அறைக்கோ டயாலிசிஸ் நோயாளிக்கோ போகும். மலாக்கா வரலாற்று மாநகராண்மைக் கழகம் இதற்குக் கட்டணம் வாங்கலாமா?

கூடாது என்றுதான் முதலில் வாயில் வரும். தர்மக் காரியத்துக்கு வந்த பணத்தில் கை வைப்பதா என்ற கூச்சம் நமக்கு இயல்பாகவே உண்டு. நல்ல கூச்சம்தான். ஆனால் பாதிக் கணக்கைத்தான் அது பார்க்கிறது.

மீதிக் கணக்கு, அதே சாலையில் வடை பொரித்து விற்கும் பெண்ணிடம் இருக்கிறது. அவர் லைசென்ஸுக்குப் பணம் கட்டியிருக்கிறார். எண்ணெய், மாவு, கேஸ் எல்லாம் கைக்காசு. வாரம் முழுதும் நின்றாலும் சனி ஞாயிறு வியாபாரம்தான் அவர் வீட்டுக்கு அரிசி. சந்தையில் வடை பொரிப்பவர்களோ தொண்டர்கள், மாவும் எண்ணெயும் யாரோ கொடுத்தவை, கூலி கிடையாது. திடல் வாடகையும் இல்லையென்றால் அந்த வடை இந்த வடையைவிட மலிவாகத்தான் இருக்கும். நல்லவர்கள் செய்த தர்மத்தில் ஒரு பங்கை அன்று அவர் தன் வருமானத்திலிருந்து கொடுக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கழகம் விட்டுக்கொடுக்கும் பணமும் கழகத்தின் சொந்தப் பணம் ஆகாது. மலிவு விலை அடுக்குமாடியில் இருப்பவர் கட்டும் மதிப்பீட்டு வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே கட்டண விலக்கு என்பது ஊரே சேர்ந்து கொடுக்கும் நன்கொடை. கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் யாருக்கு, எந்தக் கணக்கில் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

யார் எவ்வளவு கட்டுவது என்ற கேள்வி மலாக்காவுக்குப் புதிதில்லை. போர்த்துகீசியர் 1511-இல் இந்நகரைப் பிடித்த பிறகு இங்கே வந்து தங்கிய போர்த்துகீசிய அதிகாரி தோமே பிரெஸ், சுல்தான் காலத்துச் சுங்க முறையை எழுதி வைத்திருக்கிறார். மேற்கிலிருந்து, அதாவது நம் சோழமண்டலக் கரை உட்பட்ட நாடுகளிலிருந்து வந்த கப்பல்கள் 6 விழுக்காடு கட்டின. குடும்பத்தோடு இங்கேயே குடியிருந்தவர்களுக்கு 3 விழுக்காடு. சீனம், ஜாவா போன்ற கிழக்குத் திசைக் கப்பல்களுக்குச் சுங்கமே இல்லை. அவர்கள் மன்னருக்கும் அதிகாரிகளுக்கும் காணிக்கை கொடுத்தார்கள். இந்தக் கடைசிச் செய்தி ஆழமாக யோசிக்கத் தக்கது. சுங்கத்துக்கு ஓர் அளவு உண்டு, கட்டியவன் நிமிர்ந்து போகலாம். காணிக்கைக்கு அளவு ஏது? எவ்வளவு கொடுத்தாலும் போதுமா என்ற அச்சம் கொடுத்தவனை விடாது.

இன்றைய விலக்குக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தில் 107-ஆவது பிரிவு லைசென்ஸ், பெர்மிட் கட்டணங்களையும், மேற்பார்வைச் செலவையும் விதிக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களுக்குத் தருகிறது. அதே பிரிவு, காரணம் சொல்லாமலே லைசென்ஸை மறுக்கவும் ரத்து செய்யவும் அனுமதிக்கிறது. ரத்தானால் இழப்பீடும் கிடையாது. இவ்வளவு அதிகாரம் ஒரு கையில் இருக்கும்போது, எழுதி வைத்த விதி இல்லாமல் தரப்படும் விலக்கு சலுகையாகிவிடுகிறது. பிறகு சங்கத் தலைவர் யாரிடமாவது ஆதரவுக் கடிதம் வாங்க அலைய வேண்டியதுதான். அறிமுகம் உள்ள ஆலயத்துக்குக் கிடைப்பது, அறிமுகம் இல்லாத தோட்டத்துப் பள்ளிக்குக் கிடைப்பதில்லை. கட்டணத்தைவிட இதுதான் பெரிய அநீதி.

விலக்கு, விதியாக எழுத முடியாத காரியம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஐந்து கடைகளுக்குக் குறையாத தற்காலிகச் சந்தை நடத்த ஒரு மாதம் முன்னதாக அறிவிக்கச் சொல்லும் அதிகாரத்தை மன்றங்களுக்குத் தருகிறது. வருமானம் முழுதுமோ பெரும்பகுதியோ அறப்பணிக்குப் போனால் அறிவிப்பு வேண்டாம். தமிழ்நாட்டில் 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் விவசாயியிடம் கடை வாடகை வாங்குவதில்லை. அங்கே விலக்கு பெறுபவர் யாரென்பது விதியிலேயே இருக்கிறது. யாரும் யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

அப்படியானால் இங்கே என்ன வாங்கலாம்? மன்றத்துக்கு உண்மையில் ஆகும் செலவை வாங்கலாம். மின்சாரம், சாலையை மூடும் வேலை, உணவுக் கடைகளைச் சோதிக்க வரும் அதிகாரியின் நேரம். குப்பையில் ஒரு சிக்கல் உண்டு: 2011 செப்டம்பர் முதல் மலாக்காவில் திடக்கழிவும் பொதுத்துப்புரவும் கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. எனவே துப்புரவுக் கட்டணம் என்று ஒரு தொகையைக் கேட்டால், அது யாருக்குப் போகிறது என்று ரசீதில் இருக்க வேண்டும். அனுமதிக்கென்றே ஒரு விலை வைத்தால் மட்டும் அது தர்மத்தின் மேல் போட்ட வரியாகிவிடும். சங்கமும் தன் பங்குக்குக் கணக்கு காட்ட வேண்டும். திரட்டியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று ஒரு மாதத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். ஒட்டாத சங்கத்துக்கு அடுத்த ஆண்டு முழு வாடகை.

இதையெல்லாம் தீர்மானிக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் அறக் கேள்விதான். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவர் ஆணையம் 1968-இல் அறிக்கை கொடுத்தது. அரசு ஏற்கவில்லை, இன்றும் உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. இந்தியாவில் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தருகிறது. கிளேபாங் வடைக்காரருக்கு அப்படி ஒரு நாற்காலி கிடையாது.

ஆனால் கதவு முழுதும் சாத்தியிருக்கவில்லை. மன்றக் கூட்டம், மன்றமே வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. விலக்குக் கேட்டு மனு எழுதும் முன், ஆலயக் குழுவினர் அந்த வடைக் கடைக்குப் போய் ஒரு வார்த்தை பேசலாம். சந்தை நாளில் வடை விற்பனையை அவருக்கே விட்டுவிட்டு, கூட்டத்துக்கு அவரையும் உடன் அழைத்துப் போகலாம்.